தகரப் பெட்டி விட்ட மூச்சு

இன்ஸ்பெக்டர் கிரிம்ஷா ஒரு வழக்கை முடித்துவிட்டார் என்றால், குற்றவாளி வேறு எங்கோ நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். கெல்பெக் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். கிரிம்ஷாவிடம் மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை நானும் என் முதலாளி நார்மன் ஹோல்ராய்டும் கிரிம்ஷாவின் போலீஸ் ஸ்டேஷனில், லாக்கப் கம்பிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஹோல்ராய்ட் தனியார் துப்பறிவாளர். நான் மேவிஸ், அவருடைய உதவியாளர். கார் ஓட்டுவது, டைப் அடிப்பது, அவர் மறந்து வைத்த குடையைத் தேடுவது, அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது, இவைதான் என் வேலை. கடைசி வேலை எனக்கு எப்போதுமே வராது. அன்றைக்கு வாயோடு மூக்கும் சேர்ந்துகொண்டது.

"இன்னொரு தடவை தும்மினா வெளிய அனுப்பிடுவேன்," என்றார் ஹோல்ராய்ட்.

"வியாழக்கிழமை அந்த ரயில்ல வந்திருந்தா நீங்களும் தும்முவீங்க பாஸ். அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றவளுக்கு இப்படி ஒரு தண்டனையா? கார்லைல்ல ஏறும்போது மனுஷி, கெல்பெக்ல இறங்கும்போது ஐஸ்கட்டி. பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர். உயிரோட இருக்காரான்னு கிள்ளிப் பாத்தேன்."

"இருந்தாரா?"

"திட்டினாரு. அதனால இருந்தாருன்னு வெச்சுக்கிட்டேன்."

கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் சிரிக்கவில்லை. அவன் பெயர் டெரிக். டீசல் இன்ஜினில் டிரைவரோடு போகும் துணையாள். கரி இன்ஜின்கள் ஒழிந்து மூன்று வருஷம் ஆகிறது. அடுப்பில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர்களை என்ன செய்வது என்று ரயில்வேக்குத் தெரியவில்லை. டிரைவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, துணையாள் என்று பெயர் வைத்து உட்கார வைத்துவிட்டது.

வியாழக்கிழமை மதியம், கெல்பெக் டிப்போவின் ஸ்டோர்ஸில் ஏமோஸ் என்ற ஸ்டோர்கீப்பரை யாரோ பின்மண்டையில் அடித்துப் போட்டுவிட்டார்கள். அங்கே இருந்த பித்தளைப் பெயர்ப் பலகை ஒன்றும் காணாமல் போயிருந்தது. உடைத்து இரும்புக்குப் போட்ட ஒரு பழைய கரி இன்ஜினின் பெயர் அது. 'லேடி வினிஃப்ரெட்'. ஏமோஸ் இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. திங்கட்கிழமை டெரிக்கைக் கார்லைல் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்குள் ஏமோஸ் இறந்துவிட்டால் கொலை வழக்கு, ஆயுள் தண்டனை. வெளியே பெஞ்சில் டெரிக்கின் மனைவி ஷீலா ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது அவள் அழவில்லை. "அவரு அடிக்கல. பிள்ளை பொறக்கும்போது அப்பன் வெளிய இருக்கணும்," என்று மட்டும் சொன்னாள்.

"மண்டையை உடைப்பேன்னு ஏமோஸ்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார் ஹோல்ராய்ட்.

"சொன்னேன் சார். எல்லாரும் இருக்கும்போதுதான் சொன்னேன்."

"நல்ல புத்தி," என்றேன் நான். "சாட்சி இல்லாம போயிடுமேன்னு கவலைப்பட்டியா?"

டெரிக் என்னை முறைத்துவிட்டு அவரிடமே பேசினான். "பாய்லருக்கு ஒரு வால்வு கேட்டேன் சார். கண்ணு முன்னாடி அலமாரியில இருக்கு. ஃபோர்மேன் கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தாத்தான் தருவேன்னு உக்காந்துட்டாரு கிழவர். நான் ஃபோர்மேனைத் தேடிப் புடிக்கறதுக்குள்ள, கார்லைல் போற காலை வண்டிக்கு வேற இன்ஜினை மாட்டி அனுப்பிட்டாங்க. அது என் வண்டி. அந்தக் கோவத்துல கத்தினேன். என் கைவிளக்கையும் அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்."

"அதைத்தான் கிரிம்ஷா கண்டுபிடிச்சிருக்கார்."

"ஆமா சார். அது மேல என் பேரு எழுதியிருக்கு. இல்லன்னா அதையும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாரு."

பையன் எனக்குப் பிடித்துப்போனான்.

"வேற இன்ஜின் மாட்டினா என்ன, அதுல நீயும் ஏறிப் போக வேண்டியதுதானே?"

"அதுல எனக்கு வேலை இல்ல சார். டிரைவர் மட்டும் போனாரு. நான் நாள் முழுக்க டிப்போவுல சும்மா கெடந்தேன். மதியம் எல்லாரும் பை சாப்பிடப் போனாங்க. எனக்குச் சாப்பாடு எறங்கல. ஒரு இன்ஜின் கேபின்ல போய்ப் படுத்துட்டேன். யாரும் பாக்கல."

பை என்றால் மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பண்டம். டிப்போ கேன்டீனில் வியாழக்கிழமை மட்டும் கிடைக்கும். அன்றைக்கு மதியம் ஃபோர்மேன் முதல் கூட்டுகிறவர் வரை கேன்டீனில்தான் இருப்பார்கள். டிப்போவுக்கு இன்ஜின்கள்தான் காவல். இது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் ஏமோஸின் பல்செட் புதன்கிழமை உடைந்திருந்தது. பல் இல்லாதவனுக்குப் பை எதற்கு என்று அவர் ஸ்டோர்ஸிலேயே இருந்துவிட்டார். திருட வந்தவன் அதை எதிர்பார்த்திருக்க மாட்டான்.

"அந்தப் பலகை மேல யாருக்கு ஆசை?"

"பெல்வுட்னு ஒருத்தரு சார். பழைய ஹெட்மாஸ்டர். கரி இன்ஜின் ரசிகர் சங்கத்துக்குத் தலைவர். வந்து வந்து கேப்பாரு. அது மியூசியத்துக்குப் போகுதுன்னு சொல்லி ஏமோஸ் விரட்டிவிடுவாரு. எங்களை எல்லாம் அந்த ஆளு மனுஷனாவே மதிக்க மாட்டாரு. டீசல் ஓட்டறவன் தகரப் பெட்டிக்கு ஆயா வேலை பாக்கறவனாம்."

அப்போதுதான் கிரிம்ஷா உள்ளே வந்தார். முதலில் தொப்பை வந்தது, பிறகு மீசை, கடைசியில் மீதி ஆள்.

"பெல்வுட்டையா சந்தேகப்படறீங்க? என் பையனுக்கு லத்தீன் சொல்லிக் குடுத்த மனுஷன்யா அவரு. இதப் பாருங்க." மேஜை மீது ஒரு புகைப்படத்தைப் போட்டார். "வியாழக்கிழமை மதியம் அவர் ரேவன்கில் பாலத்துல நின்னு எடுத்தது. சாயங்காலமே ஃபிலிமைக் கழுவக் குடுத்திருக்காரு. கடைக்காரனே சொல்றான். பனியில அங்கேருந்து கெல்பெக் வர முக்கால் மணி நேரம் ஆகும். அதே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்க அவர் என்ன பேயா?"

படத்தில் பனி மூடிய மலைச்சரிவு. அதன் ஓரமாக டீசல் இன்ஜின் ஒன்று தலைக்கு மேலே வெள்ளையாக ஊதிக்கொண்டு, பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தது. நெற்றியில் வண்டிக் குறியீடு தெளிவாகத் தெரிந்தது. கார்லைலிலிருந்து கெல்பெக் வரும் மதிய வண்டி. நான் விறைத்துப்போய் வந்த அதே வண்டி. இன்ஜினின் எண் மட்டும் படிக்கும்படி இல்லை.

"உங்க பையனுக்கு லத்தீன் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அப்ப ஹெட்மாஸ்டரைச் சந்தேகப்படலாம்."

ஹோல்ராய்ட் படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கிரிம்ஷா தடுக்கவில்லை. முடிந்துபோன வழக்கின் படம் யாரிடம் இருந்தால் என்ன என்ற நினைப்பு.

பெல்வுட்டின் வீட்டுக்குக் காரில் போகும் வழியில் ஹோல்ராய்ட் வாயே திறக்கவில்லை. நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினேன்.

"எனக்கு ஒண்ணு புரியல பாஸ். டீசலைக் கண்டாலே காறித் துப்பற ஆளு, கொட்டற பனியில நின்னு டீசலைப் படம் புடிப்பானா? மாமியாரைப் புடிக்காதவன் அவ படத்தை மாட்டி வெச்ச கதையா இருக்கு."

"நல்ல கேள்வி. அதை அவர்கிட்டயே கேப்போம்," என்றார் அவர். பிறகு, சம்பந்தமே இல்லாமல், "உனக்கு எப்பலேருந்து ஜலதோஷம்?" என்றார்.

"வியாழக்கிழமைலேருந்துதான். எத்தனை தடவை சொல்றது?"

"இன்னும் ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பெல்வுட்டின் தோட்டத்தில் நிஜ சிக்னல் கம்பம் ஒன்று நின்றது. வீட்டுக்குள்ளே சுவர் தெரியாத அளவுக்குக் கரி இன்ஜின் படங்கள். அம்மா படம் இல்லை, அப்பா படம் இல்லை, கல்யாணப் படம் இல்லவே இல்லை. எந்தப் பெண் இந்த மியூசியத்துக்குள் வாழ்க்கைப்பட்டு வருவாள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் உயரமாக, ஒல்லியாக இருந்தார். எங்களைப் பார்த்த பார்வையிலேயே தேர்வில் ஃபெயிலாக்கிவிட்டார்.

டீ கொடுத்தார். அதை மறுக்க முடியாது. ஜன்னலோரம் வெல்வெட் துணி போர்த்திய நீளமான குட்டை மேஜை இருந்தது. என் கோப்பையை அதன்மேல் வைக்கப் போனேன். பெல்வுட் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அங்க வெக்காதம்மா. கையிலயே வெச்சுக்க."

"துணி அவ்வளவு விலையா?"

"உனக்குச் சொன்னாப் புரியாது."

எனக்குச் சுரீர் என்றது. ஹோல்ராய்ட் ஒன்றுமே பார்க்காதவர் போல பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். பிறகு சாவகாசமாகக் கேட்டார்.

"உங்களுக்கு டீசல்னா புடிக்காதுன்னு கேள்விப்பட்டேன்."

"அது இன்ஜினே இல்லை. சக்கரம் வெச்ச தகரப் பெட்டி. உயிர் கிடையாது, மூச்சு கிடையாது. இப்ப எல்லாத்துக்கும் ஒரே நீலப் பெயிண்ட் வேற அடிச்சு வெச்சிருக்கான். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சுக்கறதும் எனக்குக் கேவலம்."

"அப்படியிருந்தும் வியாழக்கிழமை ஒண்ணைப் படம் புடிச்சிருக்கீங்க."

நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். பெல்வுட் அசரவில்லை.

"எங்க சங்கத்துல அடுத்த மாசம் பேசறேன். 'அன்றும் இன்றும்'னு தலைப்பு. அதே பாலத்துல, அதே வளைவுல, முப்பது வருஷமா நான் எடுத்த கரி இன்ஜின் படங்களைக் காட்டிட்டு, கடைசியில இந்தச் சனியனைக் காட்டப் போறேன். அழகு எங்கேருந்து எங்க வந்து நிக்குதுன்னு ஜனங்க பாக்கட்டும்." நோட்டீஸையே எடுத்துக் காட்டினார். அச்சடித்திருந்தது, தேதி போட்டிருந்தது, தலைப்பும் அதுவேதான்.

போச்சு. என் கேள்வி டீயில் விழுந்த பிஸ்கட் மாதிரி கரைந்துவிட்டது. ஷீலாவின் முகம் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் அவளிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

ஹோல்ராய்ட் எழுந்து சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் ஒரு மடையனைப் போல முகத்தை வைத்துக்கொண்டார். அது அவருக்குச் சுலபமாக வரும்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் படத்துல மேல போறது எல்லாம் புகைதானே?"

பெல்வுட் கண்ணை மூடித் திறந்தார். ஹெட்மாஸ்டர் விழித்துக்கொண்டார்.

"கறுப்பா, கனமா போறது புகை. வெள்ளையா, ஓரம் சுருண்டு, காத்துல கரைஞ்சு போறது நீராவி. இது கூடவா தெரியாது? உங்க ஊர்ல பள்ளிக்கூடம் இருந்துச்சா இல்லையா?"

"இதுல?"

"புகை."

"இதுல?"

"ரெண்டும். புகைபோக்கியிலேருந்து வர்றது புகை. பக்கவாட்டுல வர்றது நீராவி. ஒரு குழந்தை சொல்லும்."

"நீங்க தப்பே பண்ண மாட்டீங்களா?"

"நாப்பது வருஷமாப் பாக்கறேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

ஹோல்ராய்ட் சட்டைப்பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்தார். மேஜை மீதிருந்த செய்தித்தாளால் அதன் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு நீட்டினார். வானமும், வானத்தில் வெள்ளையாக எழுந்த ஒரு கொத்தும்தான் தெரிந்தன.

"கடைசியா இது?"

"நீராவி. அருமையான நீராவி. குளிர்ல எப்படித் திரண்டு நிக்குது பாருங்க. யார் எடுத்த படம்?"

"நீங்க எடுத்ததுதான்."

செய்தித்தாளை விலக்கினார். கீழே நீலத் தகரப் பெட்டி வந்துகொண்டிருந்தது. அதன் கூரையிலிருந்து வெள்ளை எழுந்தது. பின்னால் பெட்டிகளின் இணைப்புகளிலிருந்தும் மெல்லிசாகக் கசிந்தது. ரேவன்கில் பாலத்தின் படம்.

பெல்வுட் சிரிக்கப் பார்த்தார். "டீசல்ல ஏதுய்யா நீராவி? இது... இது அதோட புகையா இருக்கும்."

"இப்பத்தான் தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன்னீங்க. சார், பெட்டியில உக்காந்திருக்கற ஜனங்களுக்குக் குளிராம இருக்க, டீசலுக்குள்ளயும் ஒரு சின்ன பாய்லர் வெச்சிருக்கான். அதுலேருந்து குழாய் வழியா எல்லாப் பெட்டிக்கும் நீராவி போகும். அந்த பாய்லரைப் பாத்துக்கத்தான் துணையாள். மூச்சு கிடையாதுன்னு நீங்க சொன்ன தகரப் பெட்டி விடற மூச்சு இது."

"சரி, இருந்துட்டுப் போகட்டும். அதுக்கென்ன இப்ப?"

"வியாழக்கிழமை இந்த வண்டியில நீராவி இல்ல. காலையிலயே பாய்லர் கெட்டுப்போச்சு. கூட்ஸ் வண்டி இழுக்கற இன்ஜின் ஒண்ணை மாட்டி அனுப்பினாங்க. வெளியில பாத்தா ரெண்டும் ஒரே அச்சு, ஒரே நீலம். ஆனா கூட்ஸ் இன்ஜின்ல பாய்லரே கிடையாது. அதனாலதான் துணையாளும் போகல. டெரிக் டிப்போவுல கெடந்தது அதுக்குத்தான். அதே இன்ஜின்தான் மதியம் திரும்பி வந்துச்சு."

"யார் சொன்னது? அந்தத் திருட்டுப் பயலா?"

"மேவிஸ், சார்கிட்ட ஒரு தடவை சொல்லு. எப்பலேருந்து ஜலதோஷம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று நாளாக மூக்கில் சாட்சியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிந்திருக்கிறேன். "வியாழக்கிழமைலேருந்து," என்றேன். "அந்த வண்டியில வந்தேன். பெட்டியில பொட்டுச் சூடு இல்ல. கூட வந்த அத்தனை பேரும் ரயில்வேயோட ஏழு தலைமுறையைத் திட்டிக்கிட்டே வந்தோம். கோர்ட்டுல வந்து தும்மிக் காட்டச் சொன்னாலும் காட்டுவேன்."

"இந்தப் படத்தை நீங்க புதன்கிழமை எடுத்திருக்கீங்க," என்றார் ஹோல்ராய்ட். "அன்னிக்கும் அதே பனி, அதே நேரம், அதே குறியீடு. எல்லா டீசலும் ஒண்ணுதானே, எந்த நாள் எடுத்தா என்னன்னு நெனைச்சீங்க. கரி இன்ஜினா இருந்தா ஒரு ஆணி மாறியிருந்தாக்கூட உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இதை நீங்க படம் புடிச்சீங்களே தவிர, திரும்பிப் பாக்கவே இல்ல."

பெல்வுட்டின் முகம் வெளுத்தது. ஆனாலும் நிமிர்ந்தே நின்றார். திமிர் எளிதில் சாவதில்லை.

"ஒரு படத்தை வெச்சு என்ன பண்ண முடியும்? வியாழக்கிழமை நான் எங்கேயோ இருந்தேன். டிப்போவுல இருந்தேன்னு யார் சொல்லுவா?"

ஹோல்ராய்ட் என் பக்கம் திரும்பினார். என் கையிலிருந்த டீக்கோப்பையை வாங்கினார். ஜன்னலோரம் நடந்துபோய் அந்த வெல்வெட் துணியின்மேல் நிதானமாக வைத்தார். கோப்பை தளும்பித் துணியில் கறை படர்ந்தது.

"எடு அதை," என்று கத்தினார் பெல்வுட். "அந்தக் கிழவனும் இதேதான் பண்ணான். எச்சில் டீயை லேடி வினிஃப்ரெட் மேல வெச்சுக் குடிச்சிக்கிட்டிருந்தான். பல்லில்லாத வாயால என்னைப் பாத்து இளிச்சான். அவனுக்கு என்ன தெரியும் அவளைப் பத்தி? உங்க யாருக்கு என்ன தெரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். நான் துணியின் நுனியைப் பிடித்து இழுத்தேன். பித்தளை எழுத்துகள் தேய்த்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தன. ஒரு மனிதனின் மண்டையை உடைத்துவிட்டு வந்து, உட்கார்ந்து பாலிஷ் போட்டிருக்கிறார்.

"கிரிம்ஷாவுக்கு ஃபோன் பண்ணு," என்றார் ஹோல்ராய்ட்.

பண்ணினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கிரிம்ஷா இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். பிறகு, தனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஏமோஸ் கண் விழித்தார். முதலில் பல்செட்டைக் கேட்டாராம். அடுத்ததாக, டெரிக் அந்த வால்வுக்குச் சீட்டு கொண்டுவந்தானா என்று கேட்டாராம்.

லாக்கப்பிலிருந்து வெளியே வந்த கையோடு கொண்டுவந்திருந்தான். திங்கட்கிழமை காலை வண்டியின் இன்ஜினில் பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. டெரிக் கேபின் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தான். ஷீலா பிளாட்பாரத்தில் நின்று அவனுக்குச் சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள். அதே வண்டியின் முதல் பெட்டியில் பெல்வுட், கையில் விலங்கோடு. பக்கத்தில் கிரிம்ஷா, இந்த வழக்கைத் தானே துப்புத் துலக்கிய முகத்தோடு. கார்லைல் கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

நான் டெரிக்கிடம் போனேன். "அந்த முதல் பெட்டிக்கு மட்டும் சூட்டை நிறுத்த வழி இருக்கா? என் ஜலதோஷத்துக்குப் பழி வாங்கணும்."

"வழி இல்லீங்க. இருந்தாலும் நிறுத்த மாட்டேன்." கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். "ஆயா வேலைன்னுதானே சொன்னாரு? கார்லைல் வரைக்கும் நல்லாச் சூடா உக்காந்து போகட்டும். யாரு புண்ணியத்துல குளிராம போறோம்னு தெரிஞ்சு போகட்டும்."

விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. இன்ஜினின் கூரையிலிருந்து வெள்ளையாக எழுந்த நீராவி ஓரம் சுருண்டு, முதல் பெட்டியின் ஜன்னலைத் தொட்டுக்கொண்டு பின்னால் போனது. உள்ளே பெல்வுட் விலங்கு மாட்டிய கையை உயர்த்திக் கண்ணாடியைத் துடைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டீசலை உற்றுப் பார்த்தார்.